டீக்கு நிற்காதவர்

எங்கள் கடையிலிருந்து பிலிம் ஒட்டப் போகிறவர்களில் அவர் ஒருவரைப் பற்றித்தான் புகார் வரும். வேலை மோசம் என்று யாரும் சொன்னதில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட்டார் என்பார்கள்.

சேலத்தில் ஜன்னல் திரைகளும் கண்ணாடிக்கு ஒட்டுகிற வெயில் பிலிமும் விற்கிற கடை எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். இப்போது கட்டுகிற வீடுகளில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடியாக வைத்துவிடுகிறார்கள். மாசி முடிவதற்குள் ஹாலில் உட்கார முடியாமல் போய்விடும். சோபா சுடுகிறது, டிவி தெரியவில்லை என்று எங்களைத் தேடி வருவார்கள். நாமக்கல், ராசிபுரம், குமாரபாளையம் வரைக்கும் ஆள் அனுப்புவோம்.

மற்றவர்கள் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்கிற வீட்டை அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார். குச்சி போன்ற உடம்பு, நீளமான கைகள். குழந்தை ஷாம்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் பீச்சி அடிப்பார். பிலிமின் மூலையில் இரண்டு பக்கமும் செல்லோ டேப்பை ஒட்டி ஒரு சுண்டு சுண்டினால் பின்தாள் தனியாக வந்துவிடும். நாம் அது பிரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிலிம் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும். ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவார். உதட்டில் கவ்வியிருந்த பிளேடு கைக்கு வரும், விளிம்பில் ஒரே இழுப்பு. அடுத்த ஜன்னல். அந்த வீட்டு அம்மா டீ கொண்டுவரும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். டீ வேண்டாமுங்க என்பார். எந்த வீட்டிலும் அவர் டீ குடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஜனங்களுக்கு இது பிடிப்பதில்லை. கொடுக்கிற கூலிக்குக் கொஞ்சம் வேர்த்து வடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, இது ஒரு வேலையா என்று போனில் கேட்பார்கள். பிலிம் நிஜமாகவே நல்ல பிலிம்தானா என்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். இரண்டு மூன்று வீடுகளுக்கு நானே போய், ஜன்னல் ஓரமாக நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் பிரியவில்லை. மீந்து வந்த பிலிமை அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. குற்றம் கிடைத்திருந்தால் நிம்மதியாகியிருப்பேன். கிடைக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது.

வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான், பிறகும் பலமுறை அவர் வாயில் நான் கேட்டது.

"அடுத்தவங்க ஊட்டுக்குள்ள நமக்கென்னங்க வேலை அக்கா? ஒட்டுனமா, வந்தமான்னு இருக்கோணும்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதியமே வேலை முடித்தவர் அப்புறம் எங்கே போகிறார்? போன் போட்டால் அணைத்து வைத்திருப்பார். எந்த ஊர் என்று கேட்டால் திருச்செங்கோட்டுப் பக்கமுங்க என்பார். திருச்செங்கோட்டுக்குப் பக்கம் எத்தனையோ ஊர் இருக்கிறது. குடும்பம் உண்டா என்றால் இருக்குதுங்க என்பதோடு சரி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். பின்னால் இருக்கிற கண்ணாடியைத்தான் பார்ப்பார்.

முன்பு கார்களுக்குக் கறுப்பு பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். கார்களில் அது கூடாது என்று ஆகி, போலீஸ்காரர்கள் ரோட்டிலேயே நிறுத்திக் கிழிக்க ஆரம்பித்த பிறகு வீட்டு வேலைக்கு வந்தார். போலீஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பழகிய கை, அதனால்தான் இந்த வேகம் என்று என் வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

ராசிபுரத்தில் ஒரு வீட்டில் அவர் வேலை முடித்து வந்த மறுநாள், பெண்ணின் தங்க வளையலைக் காணோம் என்று போன் வந்தது. நெய் வியாபாரம் செய்கிற குடும்பம், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். போலீசுக்குப் போகும் முன் உங்களிடம் சொல்கிறோம் என்றார்கள். அவரைக் கடைக்கு வரச்சொல்லி, என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார வைத்துக் கேட்டேன். அவர் தோளில் இருந்த பையைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தார். பிளேடு டப்பா, டேப், வைப்பர், ஷாம்பு பாட்டில். பிறகு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். சட்டைப் பையைக் காட்டும்படி நான் கேட்கவில்லை.

சாயங்காலமே அந்த வீட்டிலிருந்து மறுபடி போன் வந்தது. பெண் ஹாஸ்டலுக்குப் போகும்போது கையில் போட்டுக்கொண்டே போய்விட்டாளாம். நான் அவரிடம் சொன்னேன். சரிங்க அக்கா என்றார். நாளைக்கு எந்த வீடுங்க என்று கேட்டார். அவ்வளவுதான்.

நல்ல பொறுமைசாலி என்றார் என் வீட்டுக்காரர். திருடாதவனுக்குக் கொஞ்சமாவது கோபம் வந்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து அவர் போகிற வீடுகளுக்கு, அவர் கிளம்பியதும் நானே போன் போட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பேன். அவருக்கும் அது தெரியும்.

அதற்கு அடுத்த கோடையில் நாமக்கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. பெரிய வீடு, ஆனால் மாடியில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் பிலிம் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவுமே தெரியக்கூடாது. கண்ணாடி மாதிரி பளபளக்கிற பிலிமைக் காட்டினேன். பகலில் தெரியாது, ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் தெரியும் என்றும் சொன்னேன். அப்படியானால் வேண்டாம், ராத்திரியும் தெரியக்கூடாது என்றார். தங்கச்சிக்குத் தலைவலி வியாதியாம், வெளிச்சம் ஆகாதாம். முழுக் கறுப்பைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அவர்மேல் சந்தேகமே வரவில்லை. பாவம், தங்கச்சிமேல் எவ்வளவு அக்கறை என்றுதான் நினைத்தேன்.

இரண்டே ஜன்னல் என்பதால் நம் ஆளை அனுப்பினேன். காலையில் போனவர் மதியம் வரை ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பண்ணைக்காரர்தான் கூப்பிட்டார். பிலிமில் கொப்புளம் வந்துவிட்டதாம், உரித்துவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விட்டாராம். அவர் ஒட்டிய பிலிமில் கொப்புளம் என்று நான் கேட்டது அதுதான் முதல்முறை. மறுநாளும் போனார். மறுநாளும் முடியவில்லை. கீறல் விழுந்துவிட்டது என்று மறுபடி உரித்தாராம். மூன்றாம் நாள் மதியம் பண்ணைக்காரரின் குரல் மாறியிருந்தது.

"ஏனுங்க அக்கா, ரெண்டு ஜன்னலுக்கு ஒரு மனுசன் இத்தனை நாளாங்க? பொம்பளப் புள்ள இருக்கற ரூம்புங்க அது. நான் கூடவே நிக்கறனால சரியாப் போச்சு."

எந்த வீட்டிலும் டீக்குக்கூட நிற்காத ஆள், ஒரு பெண் படுத்திருக்கிற அறையில் மட்டும் நாள்கணக்கில் நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம்? உடனே அவரைக் கூப்பிட்டேன். அதிசயமாக எடுத்தார். கடுமையாகத்தான் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிலிம் சரியில்லைங்க அக்கா, நீங்க ஒருக்கா வந்து பாருங்க என்றார். வேறு ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாமுங்க, நீங்களே வரோணும் என்றார். என் வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொன்னேன். அன்றோடு இந்த ஆளை நிறுத்திவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

வண்டி பண்ணைக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோழிக் கொட்டகைகளைத் தாண்டி உள்ளே வீடு. தீவன வாசனை. பண்ணைக்காரரின் அம்மா மோர் கொடுத்தார், முட்டிவலி, நான் மேலே ஏற மாட்டேன் சாமி என்றார். என் வீட்டுக்காரரும் மாடி ஏறக்கூடாது என்பதால் கீழேயே உட்கார்ந்தார். பண்ணைக்காரர் முன்னால் போக, நான் பின்னால் ஏறினேன்.

அந்த அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. புதியது. பழைய தேக்குக் கதவில் ஸ்குரூ ஏற்றிய இடத்தில் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பண்ணைக்காரர் நம் ஆளையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான், ஒரு நிமிஷம் என்னை அழைக்கக் கீழே வந்திருந்தார். அவர் அதைத் திறந்துகொண்டே, வலி வந்தா எந்திரிச்சு ஓடிப் போயிருதுங்க என்றார்.

உள்ளே நம் ஆள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு ஜன்னலிலும் பிலிம் ஒட்டியாகிவிட்டது. ஒரு கொப்புளம் இல்லை. நன்றாகப் பார்த்தேன், ஒரு கீறலும் இல்லை. கட்டில் விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலைவலிக்காரியின் முகம் எனக்குத் தெரியும், என் அக்காவுக்கு அந்த வியாதி உண்டு. இந்தப் பெண் தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைக் கண் சுருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் ரொம்ப வலிக்குமா என்று கேட்டேன். அவள் அண்ணனைப் பார்த்துவிட்டு ஆமாங்க என்றாள்.

நம் ஆள் பண்ணைக்காரரிடம் திரும்பினார். வழக்கம்போல் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வெளிய நின்னு நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க. அக்கா லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுவாங்க. ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சாலும் உரிச்சுப் போட்டு வேற ஒட்டிக் குடுத்தர்றேன். நானும் கூட வாரேன்."

பண்ணைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். வேலையாள் தன்னோடு வருகிறான், உள்ளே இருப்பது கடைக்கார அம்மா. சரி என்று கிளம்பினார். கதவைச் சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே நானும் இருக்கிறேன் என்பதை மறந்துபோனாரா, நினைவிருந்துதான் போட்டாரா என்று தெரியவில்லை.

நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன், போட்டேன். பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்தவள்போல வேகமாகச் சொன்னாள்.

"எனக்கு வியாதி எதுவும் இல்லீங்க. நான் இவங்களை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. எங்க ஊட்டுக்காரரு பள்ளிபாளையத்துல இருக்காருங்க. அம்மாவுக்கு முடியலைன்னு சொல்லிக் கூட்டியாந்து அடைச்சுப் போட்டாங்க. ஜன்னல்ல நின்னு பண்ணையில வேலை செய்யறவங்களைக் கூப்பிட்டேன், அதுக்குத்தான் இந்தக் கறுப்புங்க. அவரு நம்பரைச் சொல்றேன், போட்டுக்கங்க."

நான் ஒரு கையால் விளக்கை அணைத்துப் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனில் எண்ணைத் தட்டினேன். விளக்கு அணையும்போது அறையில் ஒன்றும் தெரியாது. அவள் மூச்சு மட்டும் கேட்கும். கீழே முற்றத்திலிருந்து பண்ணைக்காரரின் குரல் மெல்லியதாக வந்தது. ஒண்ணுமே தெரியலீங்க அக்கா, நல்லா இருக்குது என்றார்.

பண்ணைக்காரர் மேலே வந்து தாழ்ப்பாளைத் திறந்ததும், கீழே வந்து மோர்ச் சொம்பை வாங்கி இன்னொரு வாய் குடித்தேன். வேலை திருப்தியா என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

மெயின் ரோட்டில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். பின்னாலேயே தன் மொபெட்டில் நம் ஆளும் வந்தார். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கோபமாகத்தான் கேட்டேன்.

"நான் சொன்னா யாருங்க அக்கா நம்புவாங்க? அந்தப் புள்ளைகிட்ட உனக்கென்னடா பேச்சுன்னு என்னையத்தான் மொதல்ல கேப்பாங்க."

அவர் ராசிபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மேஜைமேல் கவிழ்த்த பை கண்ணுக்குள் வந்தது.

என் வீட்டுக்காரர் பயந்தார். வியாபாரம் செய்கிறவர்கள், அதிலும் நாம் வேறு மதத்து ஆட்கள், இன்னொருத்தர் குடும்ப விஷயத்தில் தலையிட்டால் கடையை அடித்து நொறுக்கிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நானும் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறேன். பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டு, வீடு இருக்கிற இடத்தையும் அந்தப் பெண்ணின் கணவர் எண்ணையும் சொன்னேன். என் பேரையும் கேட்டார்கள். சொன்னேன்.

மறுநாள் காலை ஒரு அம்மா அதிகாரியும் போலீசும் பண்ணைக்குப் போயிருக்கிறார்கள். பண்ணைக்காரர் வியாதி, மருந்து என்று நிறையச் சொன்னாராம். அதிகாரி மேலே போய் அந்தப் பெண்ணையே கேட்டாராம். அவள் கட்டியிருந்த சேலையோடு கீழே இறங்கி, நான் போறேனுங்க என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாளாம். அவளுடைய கணவர்தான் போனில் எனக்கு இதையெல்லாம் சொன்னார். பேசப் பேச அழுதார்.

இரண்டொரு நாளில் பண்ணைக்காரர் கடைக்கு வந்தார். கூட இரண்டு பேர் வெளியே நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. சுவரோரம் நிறுத்தியிருந்த பிலிம் ரோல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே, உங்க ஆளு ஊடு எங்கீங்க என்று கேட்டார். நான் மேஜைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன். தெரியாதுங்க, கூப்பிட்டா வருவாரு, வேலை செஞ்சுட்டுப் போவாரு என்றேன். அவர் ரோல்களிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போனார். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு நாமக்கல் பக்கத்திலிருந்து எங்களுக்கு வேலை வருவது நின்றுபோனது. அது இன்னும் சரியாகவில்லை.

அவர்கள் போனதும் எச்சரிக்கை செய்யலாம் என்று நம் ஆளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். அடுத்த நாளும் அதேதான். அப்போதுதான் உறைத்தது, பண்ணைக்காரரிடம் நான் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வேலை செய்தவரின் வீடு எனக்கு உண்மையாகவே தெரியாது. ஓசூரில் அவரைப் பார்த்ததாக ஒரு வியாபாரி சொன்னார். இன்னொருவர் திருப்பூர் என்றார். எங்கிருந்தாலும் மதியத்துக்குள் வேலையை முடித்திருப்பார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் இவருக்கு முன்பே பழக்கமோ? யாராவது சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் போனாரோ? முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதன் தன் கைவேலையை இரண்டு முறை கெடுத்துக்கொள்வானா? என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, நீ திருந்தவே மாட்டாய் என்றார்.

ரம்ஜான் நோன்பு முடிந்த சமயம் அந்தப் பெண்ணும் கணவரும் கடைக்கு வந்தார்கள். ஸ்வீட் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். அவள் முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பிலிம் ஒட்ட வந்த அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் இப்போது இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, முன்பே தெரிந்தவரா என்று கேட்டே விட்டேன். கணவர் அவரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார்.

அவளுக்கும் அவரைப் பிடிக்கவில்லையாம் அப்போது. முதல் நாள் அண்ணன் போன் பேச வராந்தாவுக்குப் போன நேரம் பார்த்து, காப்பாத்துங்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிலிமை உரித்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இவனும் அண்ணன் வைத்த ஆள்தான் என்று நினைத்து அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். மறுநாள் வந்து மறுபடி அதே கறுப்பை ஒட்டியபோது அவர்மேல் எதையாவது எடுத்து எறியலாமா என்றிருந்ததாம். போகும்போதுதான், அண்ணன் மறுபடி போன் பேச வெளியே போன நேரத்தில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமலே பேசினாராம்.

"என்னங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"'நாளைக்கு எங்க கடை அக்கா வருவாங்க சாமி. அவங்களுக்கு என்மேல துளி நம்பிக்கை கெடையாது, அதனால கண்டிப்பா வருவாங்க'ன்னாருங்க."

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் ஸ்வீட் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் டீ சொல்ல வெளியே போனேன்.